ஒரு கை பையில்

தம்பெரேயில் நவம்பர்.
மூன்றரைக்கே விளக்குப் போட்டாயிற்று.
சமையல் மேசையில் செய்தித்தாள் விரித்து
கவிழ்த்து வைத்திருக்கிறேன்
ஏலத்தில் ஐம்பத்தைந்து யூரோவுக்கு வந்த பெட்டியை.
மூன்று வால்வு, துருவேறிய அடித்தகடு.
இசைத்தட்டின் முணுமுணுப்பை
நூறு மடங்காக்கித் தரவேண்டிய பெட்டி
இப்போது தருவதெல்லாம்
பழைய குளிர்பதனப் பெட்டியின் உறுமல்.

அணைத்த பின்னும் அது அணையாது.
வடிகட்டும் மின்தேக்கிக்குள்
முந்நூறு வோல்ட் விழித்தபடி படுத்திருக்கும்.
குறுக்கே ஒரு தடையைக் கொடு,
நூறு எண்ணு,
மீட்டர் பூஜ்யம் சொல்லட்டும்.
அதுவரைக்கும், அதற்குப் பிறகும்
ஒரு கை பையில் இருக்கட்டும்:
ஒரு கையில் ஏறிய மின்சாரம்
மறு கையைத் தேடி
நெஞ்சு வழியாகப் போய்விடக் கூடாது.

பையில் இருந்த கை
அங்கிருந்த பட்டியலைக் கசக்கிக்கொண்டிருந்தது.

உப்பிப்போன மின்பகுளித் தேக்கிகள்.
மாற்றத்தான் வேண்டும், அதில் பேச்சில்லை.
கரித் தடைகள்:
அறுபது வருடச் சூட்டில்
நூறு கிலோ ஓம் நூற்று முப்பதாகத் தடித்துவிட்டது,
என் இடுப்பைப் போல.
உலோகப் படலத் தடை ஒன்று இருபது சென்ட்.
சலசலக்காது, கூலியும் அதிகம் கேட்காது.
அப்புறம் அது:
எண்ணெயில் ஊறிய தாள், வெள்ளித் தகடு,
செம்புக் குழலுக்குள் முத்திரையிட்ட இணைப்புத் தேக்கி.
இரண்டுக்கு நூற்றெழுபது.
“திரை விலகும்” என்கிறது விளம்பரம்.
எந்தத் திரை என்று சொல்லவில்லை.

வென்லாவுக்குப் பனிக்காலணி தொண்ணூறு.

தூலிக்கி கோபப்படவில்லை.
பல் ஆய்வகத்தில் பீங்கான் செதுக்குகிறவள்,
மயிரிழை பிசகினாலும் வாய் கண்டுபிடித்துவிடும் என்று
தெரிந்தவள்.
கசங்கிய பட்டியலை நீவிப் படித்துவிட்டு
“இதில் காதுக்கு எது, கண்ணுக்கு எது?” என்றாள்.

காகித ஆலை ஆஹ்தி வெள்ளியை இரவல் கொடுத்தார்.
அதையும், ஒரு யூரோ நெகிழித் தேக்கியையும்
ஒரே சுவிட்சில் பூட்டினேன்.
நான் சுவரைப் பார்த்து நாற்காலியில்.
சுவிட்ச் தூலிக்கியின் விரலில்.
வென்லா மடியில் நோட்டு, பென்சில்.
அதே அக்கார்டியன் டாங்கோ, பத்துத் தடவை.
வெள்ளி, என்றேன். நெகிழி. வெள்ளி, வெள்ளி.
நடுவில் ஒருமுறை கண்ணை மூடிக்கொண்டு
“அப்பப்பா, வெள்ளி” என்றேன்.
பத்துக்கு ஐந்து.
“காசைச் சுண்டியிருக்கலாம்” என்றாள் வென்லா.

உறுமல் மட்டும் இரண்டிலும்
பாரபட்சம் இல்லாமல் இருந்தது.

தூலிக்கிதான் குனிந்து பார்த்தாள்.
தரைக் கம்பியை நான் முடுக்கியிருந்தது
பெயின்ட்டின் மேல்.
தகட்டைத் தொடவே இல்லை அந்தத் திருகு.
பையிலிருந்து தன் செதுக்குளியை எடுத்து
சொத்தை சுரண்டுகிறவள் மாதிரிச் சுரண்டினாள்,
பளிச்சென்று உலோகம் தெரியும்வரை.
முடுக்கினேன். போட்டேன்.
ஊசி இறங்குவதற்குமுன்
மேல் வீட்டில் யாரோ குழாயை மூடுவது கேட்டது.

மிச்சப் பணத்தில் இருபது சின்னத் தேக்கிகள்.
தட்டு வெட்டுகிறவர்கள்
பள்ளத்துக்குள் அடங்காத கனத்த சுரங்களை
ஒரு கணக்குப்படி ஒடுக்கி வைக்கிறார்கள்;
அதே கணக்கில் விரித்தால்தான் டாங்கோ டாங்கோ.
இங்கே பிராண்டு பேசாது, அளவு பேசும்.
மூன்று இரவு ஒவ்வொன்றாக அளந்து
இடத்துக்கும் வலத்துக்கும்
இரட்டைப் பிள்ளைகள் போல இரண்டைப் பிடித்தேன்.
மீதிப் பதினெட்டும்
பொத்தான் டப்பாவில் கிடக்கின்றன.

சனிக்கிழமை, வெள்ளியைத் துணியில் சுற்றி
ஆஹ்தியிடம் திருப்பிக் கொடுத்தேன்.
ஆலைவாசலில், காது சிவக்கும் காற்றில்
ஆசையாய்க் கேட்டார்:
“திரை விலகியதா?”
சொந்தப் பெட்டியில் அவர் நான்கு போட்டிருக்கிறார்.

விலகியது, என்றேன்.
ஒரு கை பையில் இருந்தது.