நான்காம் பக்கம்

"வீட்டில் மூன்றே பக்கம்தான்" என்கிறார் வெல்கா,
கையுறையைக் கழற்றாமல் பென் டிரைவை நீட்டி.
என் கணினியில் நான்கு.

லியெபாயாவில், துறைமுகத்தை ஒட்டிய இந்த அச்சுக்கடைக்கு
வருகிற கோப்புகள் பாதி இப்படித்தான்.
அவர்களுடைய எழுத்துரு என்னிடம் இருக்காது.
கணினி தானாக இன்னொன்றை எடுத்துப் போடும்,
அது ஒரு மயிரிழை அகலம்.
ஒரு சொல் கீழே இறங்கும்,
அதன் பின்னால் வரியே இறங்கும்.

அட்டவணையைச் சரிசெய்யப் போனேன்.
படிக்கக் கூடாது. படித்துவிட்டேன்:
படகு, ஆய்வார்ஸுக்கு.
தையல் இயந்திரம், வெல்காவுக்கு.
நாய்க்கு எதிரே இருந்த பெயர் மட்டும்
ஓரம் தாண்டி வெட்டுப்பட்டு நிற்கிறது,
யாருக்கென்று தெரியவில்லை.

நான்காம் பக்கத்தில்
கையெழுத்துக்கு இரண்டு கோடுகள் தவிர
ஒன்றுமில்லை. ஒன்று இடப்பக்கம்.
மற்றது சொல்லிக்கொள்ளாமல்
அடுத்த வரிக்குப் போயிருந்தது.

"எழுத்தைக் கொஞ்சம் சின்னதாக்கினால்
மூன்றிலேயே அடங்கிவிடும்" என்றேன்.
திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.
வெளியே மீன் லாரி பின்னால் வரும் ஒலி,
நிற்கவே இல்லை.

"நாயை மட்டும் கட்டத்துக்குள் கொண்டுவாருங்கள்.
மற்றது அப்படியே இருக்கட்டும்."

இரண்டு பிரதி, எட்டுத் தாள்,
ஒரு யூரோ இருபது.
சில்லறையாக எண்ணி வைத்தார்.