கொடுத்த மாதிரிக்கு மட்டும்

காட்பாடியில், ரயில்வே மேம்பாலம் இறங்கும் இடத்தில்,
தகரக் கூரைக்குக் கீழே
கான்கிரீட் உடைப்பது என் வேலை.
பதினைந்து சென்டிமீட்டர் நீளம், அதே அகலம், அதே உயரம்,
எட்டேகால் கிலோ.
தண்ணியில்லாத ஆறு என்று சொலவடை வாங்கிய ஊரில்
இந்தக் கற்கள் மட்டும்
இருபத்தெட்டு நாள் தொட்டியில் முங்கிக் கிடக்கும்.

கனசதுரத்துக்குத் தலைமாடு கால்மாடு கிடையாது.
ஆறு முகத்தில் எதையும் கீழே வைக்கலாம்,
வைத்தபின் நாலு தரம் திருப்பலாம்.
இருபத்துநாலு விதம்.
நீங்கள் கண்ணை மூடித் திறப்பதற்குள்
திருப்பினேனா, சும்மா நின்றேனா,
சொல்லிவிட முடியாது.

அது பாடப்புத்தகத்தில்.
இங்கே வருவதற்கு ஒரு முகம் கரடு.
ஐந்தை இரும்பு அச்சு வழவழப்பாக்கும்,
ஆறாவது வெயிலைப் பார்த்தது, கரணை தேய்த்தது.
பிறந்தபோது எது மேல் என்று கல்லுக்கு ஞாபகம் இருக்கிறது.
அதனால் ஒருக்களித்துப் படுக்கவைத்தே அழுத்துவோம்.
இருபத்துநாலு நாலாகிவிடுகிறது.

அக்னி நட்சத்திரத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை
சம்பங்கி ஆட்டோவில் ஒன்பது கல் இறக்கினான்.
வாலாஜா தண்ணீர்த் தொட்டி மூன்று.
குடியாத்தம் சிறுபாலம் மூன்று.
சத்துவாச்சாரி பள்ளிக்கூடம், முதல் மாடி, மூன்று.
பச்சைப் பெயிண்டில் ஒரே கையெழுத்து.
அதில் தப்பில்லை,
எழுதத் தெரிந்தவன் ஒருத்தன்தான் இருப்பான்.
வார்த்த தேதியும் ஒன்றே.

தொட்டிக் கல் ஒன்றில் கீழ் மூலை மூளியாக இருந்தது,
எலி கடித்த சோப்பு மாதிரி.
கரடு முகத்தை மேலே வைத்து
மூளியை என் வயிற்றுப் பக்கம் திருப்பினேன்.
இப்போது நாலும் போய் ஒரே விதம்.
இடது முகத்தில் நகக்கீறலாய் ஒரு கோடு.

பாலத்துக் கல்லில் ஒன்றைத் திருப்பினேன்.
மூளி. இடதில் கோடு.
பள்ளிக்கூடத்துக் கல்.
மூளி, இடதில் கோடு.

கண்ணாடியில் காட்டினால் கோடு வலதுக்குப் போகும்.
கையால் எத்தனை உருட்டினாலும் போகாது.
ஒரே கடையில் வாங்கிய அச்சாக இருக்கலாம்
என்று சம்பங்கிக்காக நானே வாதாடினேன்.
கடை மூளியையுமா ஜோடி சேர்த்து விற்கும்?
ஒரு அச்சு ஒரு நாளைக்கு ஒரு கல்தான் பெறும்.
ஒரே நாளில் மூன்று ஊரில்
இது எப்படிப் பிரசவித்தது?

"இன்னா மேடம், உருட்டிகினே கீறீங்க?
எப்டி வெச்சாலும் ஒண்ணுதானே?"
என்றான் சம்பங்கி, டீயை ஆற்றிக்கொண்டே.
அவன் அறியாமல் சொன்னதில்
ஒரு பாதி கணிதம்.

மெஷினில் ஏற்றினேன்.
முள் ஏறி, தயங்கி, எழுநூற்று இரண்டில் விழுந்தது.
கேட்டது இருபத்தைந்து, தந்தது முப்பத்தொன்று புள்ளி இரண்டு.
நல்ல கல். பொய் சொல்லத் தெரியாத கல்.
நாலு பக்கமும் உதிர்ந்து
மேலொரு கூம்பு, கீழொரு கூம்பு,
நுனியும் நுனியும் முட்டி, உடுக்கையாக நின்றது.
எல்லாக் கனசதுரத்துக்குள்ளும் ஆறு கூம்புகள்
நடுவில் தலை சேர்த்துப் படுத்திருக்குமாம்.
மெஷின் நாலை விரட்டிவிட்டு
இரண்டைக் காட்டுகிறது.

ரிப்போர்ட்டின் கடைசி வரி எப்போதும் அச்சிட்டே வரும்:
முடிவு கொடுத்த மாதிரிக்கு மட்டும் பொருந்தும்.
பள்ளிக்கூடத்துக்கு அல்ல.
முதல் மாடியில் மணி அடித்ததும்
ஒரே நேரத்தில் எழுந்து ஓடும் கால்களுக்கு அல்ல.

குறிப்பு என்றொரு கட்டம் உண்டு.
ஆறு வருடமாகக் கோடு போட்டு விட்டிருந்தேன்.
அன்று ஒரு சதுரம் வரைந்தேன்,
சற்றுத் தள்ளி இன்னொன்று,
மூலைக்கு மூலை இழுத்து இணைத்தேன்.
ஒரு மூலையை மட்டும் கறுப்பாக்கி
பக்கத்தில் மூன்று ஊர்ப் பெயரும் ஒரு தேதியும் எழுதினேன்.

பார்க்கப் பார்க்க
அந்தப் பெட்டி ஒரு சமயம் வெளியே துருத்தியது,
ஒரு சமயம் உள்ளே குழிந்தது.
எந்தப் பக்கம் நிற்கிறது என்று
அது முடிவு செய்யும்வரை காத்திருக்கவில்லை.
கையெழுத்துப் போட்டேன்.

சம்பங்கி டீக்கிளாசைக் கழுவிக்கொண்டிருந்தான்,
தொட்டித் தண்ணீரில்.