காற்றுக்கு ஒரு கட்டம்

நோட்புர்கா,
உங்கள் மலை இங்கே எழும்பவில்லை.

பதினோராம் குரோமோசோமில்
இன்ஸ்புருக்கில் நீங்கள் கண்ட அந்தச் செங்குத்து,
எட்டுப் பூஜ்யங்களைத் தாண்டி நின்ற புள்ளிகள்,
அறுநூற்று நாற்பது எலிகளை எண்ணி முடித்தபின்
எங்கள் திரையில் வெறும் புல்தரை.
கிரோனிங்கனில் மலை எப்படி நிற்கும் என்று
மூன்று பேர் ஏற்கனவே சிரித்தாயிற்று.
நான் சிரிக்கவில்லை.
உங்கள் கட்டுரையில் என் பெயரும் இருக்கிறது, ஐந்தாவதாக.

அதே கலப்பினம். அதே பெட்டி,
சாம்பல் நிறம், அறுபது சென்டிமீட்டர் சதுரம்.
நடுவே போகும் எலி துணிந்தது,
சுவரை ஒட்டி ஓடும் எலி அஞ்சியது என்று
ஐந்தே நிமிடத்தில் தீர்ப்புச் சொல்லும் அதே அவசரம்.
நீங்கள் எழுதியதை எழுத்துப் பிசகாமல் செய்தோம்.
எழுதாமல் விட்டதைத்தான்
செய்ய முடியவில்லை.

உங்கள் கூண்டில் ஸ்ப்ரூஸ் மரத்தூள், எங்களுடையதில் ஆஸ்பென்.
அங்கே வாலைப் பிடித்துத் தூக்குகிறீர்கள்.
இங்கே வீப்ரென் உள்ளங்கையைக் குழித்துக் காத்திருப்பார்,
எலி தானாக ஏறும்வரை.
ஆறரை அடி மனிதர். காலையிலேயே
ஹெர்ரிங் மீனும் வெங்காயமும் தின்றுவிட்டு வருபவர்.
இதெல்லாம் கட்டுரையில் இரண்டே சொல்:
வழக்கமான சூழல்.

வியாழக்கிழமை தொலைபேசியில் வெகுநேரம் மௌனமாக இருந்தீர்கள்.
பிறகு சொன்னீர்கள்:
பதினான்கிலிருந்து பத்தொன்பது வரை ஆறு குடும்பங்கள்,
அந்த மரபெழுத்தைச் சுமந்த எலிகளில் பாதிக்கு மேல் அவற்றில்தான்,
எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் பெட்டிக்குள் விட்டோம்.
அந்த வாரம் ஃபோஹ்ன் அடித்தது.

எங்கள் ஊரில் அது தலைமுடி உலர்த்தும் கருவியின் பெயர்.
உங்களுக்கு, தெற்கிலிருந்து சிகரம் தாண்டி இறங்கும் வெப்பக்காற்று.
ஊரே நெற்றியைப் பிடித்துக்கொண்டு திரியுமாம்,
பேருந்து ஓட்டுநர் பயணிகளோடு சண்டை போடுவாராம்.
எலிகளிடம் யாரும் கேட்கவில்லை.

தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை
என்று எழுதிக் கையெழுத்திட்டுவிட்டோம்.
ஒரே தறியில் ஓடிய நூல்களா என்று
மதிப்பீட்டாளர்கூடக் கேட்கவில்லை.

காற்றுதான் காரணம் என்று நான் நம்பிவிடவும் இல்லை.
நம்பினால் அது இன்னொரு மலை,
ஒரே ஒரு வாரத்தின் மேல் நிற்பது.

நேற்றிரவு இரண்டு ஊர் எலிகளையும் ஒன்றாய்ச் சேர்த்து,
யார் யாருக்கு உடன்பிறப்பு என்பதையும் கணக்கில் ஏற்றி,
மறுபடி ஓட்டிப் பார்த்தேன்.
ஆயிரத்து நானூற்று ஐம்பத்திரண்டு உயிர்.
பதினொன்றில் ஏதோ இருக்கிறது, நோட்புர்கா.
அச்சத்தில் பத்தில் ஒரு பங்கு அதனால் என்றோம்;
இப்போது நூற்றில் ஒன்றரை,
அதுவும் கோட்டைத் தொடாமல்.

எங்கள் மாகாணத்தின் வடக்கே வீர்டே என்ற மேடுகள் உண்டு.
கடல் உள்ளே ஏறிவந்த காலத்தில்
களிமண்ணும் சாணமும் கொட்டி மனிதர் உயர்த்தியவை.
உச்சியில் ஒரு தேவாலயம், நாலு வீடு.
அந்த ஏற்றம் கண்ணுக்குத் தெரியாது,
சைக்கிள் மிதிக்கும் தொடைக்குத் தெரியும்.
எது நிலம், எது கொட்டியது,
தோண்டாமல் சொல்ல முடியாது.

இதழுக்குக் கடிதம் எழுதிவிட்டேன், அனுப்பவில்லை.
முதலில் நீங்கள் படியுங்கள்.
பெயர் வரிசை பழையபடியே இருக்கட்டும்;
சேர்ந்து ஏறியவர்கள் சேர்ந்தே இறங்குவோம்.

இன்னொன்று. அடுத்த சுற்றுக்கான அட்டவணையில்
எடை, பால், குடும்பம், கையாண்டவர் என்ற பத்திகளுக்குப் பக்கத்தில்
'காற்று' என்று ஒரு கட்டம் சேர்த்திருக்கிறேன்.
எங்கள் எலி அறைக்குச் சன்னல் கிடையாது.
வீப்ரென் தினமும் காலையில் கையுறையைக் கழற்றி,
பேனாவை எடுத்து, கொஞ்சம் யோசித்து
அதில் எழுதுகிறார்:
தெரியாது.