பூச்சியம் தசம் மூன்று

யாழ்ப்பாணத்தில் ஏற்றம் என்று ஒன்று இருந்தால்
அது றெயில் கடவைதான்.
அதிலேயே மூச்சு முட்டி நின்றுவிட்டதாம்
மங்களேஸ்வரியின் பள்ளிக்கூட வான்,
பதினொரு பிள்ளைகளோடு,
பின்னால் மீன்காரன் ஹோர்ன் அடிக்க.

"காபரேற்றராத்தான் இருக்கும், ஒருக்காப் பாருங்கோ.
ஒண்டரைக்குப் பள்ளிக்கூடம் விட்டிடும்."

நான் காபரேற்றரைத் தொடவில்லை.
சீற்றுக்கடியில் கிடந்த கணக்குக் கொப்பித் தாளோடு
பின்னால் போய்க் குந்தினேன்.
சைலன்சர் வாயில் தாளைப் பிடித்தால்
நல்ல எஞ்சின் ஒரே சீராகத் தள்ளும்.
இது தள்ளியது, தள்ளியது, தள்ளியது,
பிறகு லபக்கென்று
உள்ளே இழுத்தது.
மூச்சு விடவேண்டிய இடத்தில்
மூச்சை எடுக்கிறது ஏதோ ஒன்று.

புகையில் நீலம் இல்லை.
கையில் மணந்து பார்த்தேன்,
எரியாத பெற்றோல்.

நாலு பிளக்கும் கழற்றி, கொயில் வயரை இழுத்துவிட்டு
அவளை ஏறியிருக்கச் சொன்னேன்.
"அடிவரைக்கும் மிதியுங்கோ.
நான் காணும் எண்ணும்வரை திருப்புங்கோ."
மீற்றரை ஒவ்வொரு துளையிலும் முறுக்கி
சுவரில் சோக்கால் எழுதினேன்:
நூற்று அறுபது. நூற்று ஐம்பத்தைந்து.
எண்பத்தைந்து.
நூற்று அறுபது.

மூன்றாவதுக்குள் ஒரு தேக்கரண்டி ஒயில் விட்டேன்.
றிங் தேய்ந்திருந்தால் ஒயில் போய் அடைத்து
முள் ஏறும்.
ஏறட்டும் என்று நினைத்தேன், உண்மையைச் சொன்னால்.
றிங் தேய்ந்தால் அது வயதின் குற்றம்,
லட்சம் கிலோமீற்றரின் குற்றம்.
ஒருவரையும் கேட்க ஏலாது.

எண்பத்தெட்டு.

மூடியைத் திறந்து
மூன்றாம் சிலிண்டரின் புகை வால்வுக்கு மேலே
பூச்சியம் தசம் மூன்று தகட்டை நுழைத்தேன்.
போகவில்லை.
தசம் இரண்டும் போகவில்லை.
சவர அலகுக்குக்கூட அங்கே வழியில்லை.

தை மாதம். இதே வான்.
"பிள்ளையள் தையல் மெசின் எண்டு பேர் வைச்சிட்டுதுகள்,
இந்த டிக் டிக்கை நிப்பாட்டித் தாங்கோ."
கரண்ட் இல்லை, மழை இருட்டு,
தகடு எங்கேயோ கிடந்தது.
காதால் வைத்தேன் ரப்பெற்றை.
சத்தம் அடங்கும்வரை முறுக்கினேன்,
அதிகம் சத்தம் போட்டதை
அதிகம் முறுக்கினேன்.
அவள் சந்தோசப்பட்டு ரோல்ஸ் வாங்கித் தந்தாள்.
இரண்டு தின்றேன்.

சூடேற வால்வு நீளும்.
நீள இடமில்லை என்றால் முழுதாய் மூடாது.
மூடாத விளிம்பால் ஒவ்வொரு முறையும்
நெருப்பு கடந்து போகும்.
ஆறு மாதம், காலையும் மத்தியானமும்,
அவ்வளவு அமைதியாக.

"என்ன, காபரேற்றர்தானே?"
கைப்பையை மார்போடு பிடித்தபடி கேட்டாள்.
பொய்யை அவளே எடுத்து நீட்டுகிறாள்.
ஓம் என்றால் போதும்.
கழுவிப் பூட்டி, பிறகு இரவோடிரவாக ஹெட்டைக் கழற்றி,
ஏதாவது ஒரு பெயரில் பில்.
சுவரில் அந்த எண்பத்தைந்து
சோக்குத் தூள் உதிர நின்றது.

"இல்லை. என்ரை கைப் பிழை."

திட்டுவாள் என்று பார்த்தேன்.
மணிக்கூட்டைப் பார்த்தாள்.
"அப்ப ஒண்டரைக்கு?"

மச்சானின் ஹயஸைக் கேட்டு எடுத்துக் கொடுத்தேன்.
பின்னேரம் வால்வு வெளியே வந்தது.
வெட்டிய நகத்துண்டு அளவு
விளிம்பில் ஒரு கடி.

மூன்றாம் நாள் புது வால்வு, புது காஸ்கெற்.
எட்டு ரப்பெற்றையும் தகட்டால் வைத்தேன்,
லேசாய் உரசிக்கொண்டு போகிற மாதிரி.
அதே கணக்குத் தாளைப் பின்னால் பிடிக்க
படபடத்துக் கையைவிட்டுப் பறந்து
தாவடி வீதியில் ஒரு சைக்கிள் ரயரில் ஒட்டிப் போனது.

"சத்தம் வருது," என்றாள்.
"வரட்டும்."

கொஞ்சம் காதுகொடுத்துக் கேட்டாள்.
பிறகு சாவியைத் திருப்பி நிறுத்தி
பில்லை வாங்கினாள்.
வால்வுக்கும் கூலிக்கும் நான் ஒன்றும் போடவில்லை,
காஸ்கெற் காசு மட்டும்.

"தை மாசம் தந்த மூவாயிரத்தையும் கழியுங்கோ.
ரோல்ஸ் கணக்கை விடுறன்."