உத்தரவாதப் பிரிவு

நீடாமங்கலம் கேட் போட்டுவிட்டால்
விண்கப்பலுக்குப் போகும் பீரங்கியும் நிற்கும்,
அதன் பின்னால் டவுன்பஸ்,
அதன் பின்னால் வைக்கோல் ஏற்றிய டிராக்டர்.
கடலைக்காரர் லாரிச் சக்கரத்தில் சாய்ந்து
பொட்டலம் மடிக்கிறார்.
பீரங்கியின் வாய்க்கு ஆரஞ்சு பிளாஸ்டிக் மூடி.
நாலு மணிக்குள் அது
கொடியக்கரை ஏவுதளம் போயாக வேண்டும்.

வெண்ணாறு படைக்கலன் தொழிலகத்தில்
உத்தரவாதப் பிரிவு நான்.
விற்றது திரும்பினால் என் மேசைக்கு வரும்.
மூட்டுகளில் சிலசமயம் வேற்றுலக மண் இருக்கும்,
ஊதா நிறம், கந்தக வாடை.
கூட்டி ஜன்னலுக்கு வெளியே கொட்டுவேன்.
அங்கே தும்பை முளைத்திருக்கிறது.

எங்கள் எந்திரங்களுக்குப் பட்டத்தின் பெயர்தான்.
குறுவை, நூற்றைந்து நாளில் தானே அணைந்துவிடும்.
சம்பா, ஒரு முற்றுகை முழுக்கத் தாங்கும்.
தாளடி, மற்றவை விழுந்த இடத்தில் இறக்குவது.
வாங்குவோர் இரண்டு பேர்:
கரும்பரிதிக் கூட்டரசு, மூன்றாம் வளையத்தார்.
முப்பது வருடமாய் ஒருவரை ஒருவர் கொல்கிறார்கள்.
இருவருக்கும் ஒரே விலைப்பட்டியல்,
ஒரே தவணை,
தீபாவளிக்கு ஒரே இனிப்புப் பெட்டி.

எதிரி தாக்கிச் சேதமானால் உத்தரவாதம் செல்லாது.
எதிரியும் எங்கள் சரக்காக இருந்தால்?
மேலாளர் குஞ்சிதபாதத்திடம் ஒருமுறை கேட்டேன்.
டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார்:
ரெண்டு பில் போடு.

இந்த வாரம் வந்த புகார் வேறு மாதிரி.
ஒசாரி நிலவின் சேற்றுக்கடலில் இறக்கிய
நானூற்றுப் பன்னிரண்டு சம்பாவும்
சுடவில்லை.
ஒரு கீறல் இல்லை. குண்டு அப்படியே இருக்கிறது.
நின்றன, பார்த்தன, திரும்பிக்கொண்டன.

ஒன்றின் மண்டையைத் திறந்து
கடைசிக் காட்சியை ஓடவிட்டேன்.
பச்சை வெளிச்சம். முழங்கால் சேறு.
வரிசையாய்க் குனிந்த உருவங்கள்
கிழங்கோ சிப்பியோ
தடவித் தடவி எடுக்கின்றன.
மனிதர்கள்தானா, சொல்ல முடியவில்லை,
கைகள் கொஞ்சம் அதிகம்.
முதுகுகள் மட்டும் எனக்குத் தெரிந்த முதுகுகள்.

சம்பாவுக்குக் கண் திறந்தது
பூவனூர்ப் பக்கம் எங்கள் சோதனை வயலில்.
புரட்டாசி. அடுத்த துண்டில் நடவு.
முதல் நாளே ஒன்று குறிவைத்துவிட,
செங்கமலம் நாற்றுமுடியை அதன் மூஞ்சியில் எறிந்து
வைத வசவு
இன்னும் ஒலிப்பதிவில் இருக்கிறது.
அன்றிரவே ஒரு வரி சேர்த்தேன்:
குனிந்து சேற்றில் கைவைத்திருப்பவர் இலக்கு அல்ல.
நடவு முடிந்ததும் எடுத்துவிடச் சொன்னார்கள்.
மறந்துவிட்டேன்.
மறந்துவிட்டதாகத்தான்
இந்த வாரம் வரை நினைத்திருந்தேன்.

படிவத்தில் ஒரு கட்டம்: குறைக்குக் காரணம்.
பேனா மூடியைக் கடித்தபடி
இரண்டு கேட் நேரம் உட்கார்ந்திருந்தேன்.
மகளின் கல்லூரிக்குச் சங்கத்தில் வாங்கிய கடன்,
அதை அடைக்கிற இந்த மேசை,
எந்த வரியும் சேர்க்காமல் நான் அனுப்பிய குறுவைகள்.
அவற்றின் மேல் ஒரு புகாரும் வந்ததில்லை.

குறை காணப்படவில்லை என்று எழுதி
முத்திரை குத்தினேன்.
நாளை வேறு யாராவது திறந்து பார்ப்பார்கள்.
குஞ்சிதபாதம் ஒன்றும் மடையர் இல்லை.

இருட்டும் நேரம், வரப்பு வழியாக வீட்டுக்கு.
சோதனை வயலில் புது ஈடு, அறுபது தாளடி,
கணுக்கால் தண்ணீரில் நிற்கின்றன.
கடைசியில் நின்றது கழுத்தைத் திருப்பியது.
என் செருப்பு சேற்றில் மாட்டிக்கொண்டது.
குனிந்தேன்.
செருப்பு கைக்கு வந்த பிறகும்
கொஞ்ச நேரம்
குனிந்தே இருந்தேன்.