கணிச்சம்

கப்பலிலிருந்து இறங்கிப் பதினெட்டு நாள்.
ரோலாவில், நாலாம் மாடி அறையில்,
பல் துலக்கும்போது சுவர் மெல்லச் சாய்கிறது.
கண்ணாடியில் என் முகம்
இடது பக்கமாக இறங்கிப் போய்
யோசித்துவிட்டுத் திரும்பி வருகிறது.

"தலை சுத்துதா?" என்றார் ஜகபர்.
இல்லண்ணே, தரைதான் சுத்துது.
சிரித்தார். சிரிக்கத்தான் சொன்னேன்.

பதினொரு மாதம்
ஷார்ஜாவிலிருந்து இரண்டரை மைல் தள்ளி
நங்கூரத்தில் கிடந்தோம்.
முதலாளி போன் எடுப்பதை நிறுத்தினான்.
டீசல் தீர்ந்தது. அரிசியில் புழு.
ஜூலை ராத்திரி டெக்கில் படுத்தால்
இரும்பு நம் முதுகெலும்பை ஒவ்வொன்றாக எண்ணும்.
கரை தெரியாமல் இருந்திருந்தால் பரவாயில்லை.
தெரிந்தது.
நகைக்கடை மாதிரி எரிந்தது, தினமும்.

இப்போது குழாயைத் திறந்தால்
கை தானாகப் போய் மூடுகிறது,
உடம்பில் சோப்பு இருக்கும்போதே.
தட்டுக்கடியில் ஈரத்துணி விரிக்கிறேன், வழுக்காமலிருக்க.
குழம்பு அசையவே மாட்டேன் என்கிறது.
முந்தாநாள் ஏசி சட்டென்று நின்றதும்
செருப்பில்லாமல் இரண்டு மாடி இறங்கி ஓடினேன்,
என்ஜின் ரூமைத் தேடி.
பன்னிரண்டு வருஷத்துக் காது.

அப்பா வலை விட்ட இடத்தை மறக்காமலிருக்க
கோயில் கொடிமரத்தையும்
அதன் பின்னால் மலை முனையையும்
ஒரே கோட்டில் பிடிப்பார். கணிச்சம் என்பார்.
எனக்குக் கணிச்சம் ஒரு ஜன்னல்.
கடலோரக் கட்டடம் ஒன்றின் உச்சியில்
விடியும்வரை அணையாத மஞ்சள் விளக்கு.
பக்கத்து மினாராவோடு அதைச் சேர்த்துப் பார்த்தால்
நங்கூரம் பிடித்திருக்கிறதா, கப்பல் இழுபடுகிறதா
தெரிந்துவிடும்.

பெர்க்மான்ஸ்தான் எங்கள் சமையல்காரன். அவன் சொல்வான்:
அங்க ஒருத்தி, நைட் ஷிப்ட் முடிச்சு வர்ற புருஷனுக்கு
ரொட்டி சுட்டுக்கிட்டிருக்கா.
நான் சொல்வேன்: பரீட்சைக்குப் படிக்கிற பையன்டா.
இதற்காக இரண்டு நாள் பேசாமல் இருந்தோம்.

நேற்று தேடிப் போனேன்.
கால் அகட்டித்தான் நடக்க வருகிறது;
சிக்னலில் ஒரு குழந்தை
என்னைப் போலவே நடந்து அம்மாவிடம் அடி வாங்கியது.
மூன்று கட்டடம் தப்பு. நாலாவதில்
வாட்ச்மேன் மொஃபிஸ் என்ன நினைத்தாரோ
மேலே கூட்டிப்போனார்.
லிப்டில் கண்ணை மூடிக்கொண்டேன்.

மொட்டைமாடியில், லிப்ட் மோட்டார் அறை.
புறா எச்சம் படிந்த கண்ணாடி.
உள்ளே ஒரு குண்டு பல்பு.
சுவிட்ச் கெட்டு ரெண்டு வருஷமாம்,
அணைக்க முடியாதாம்.

கடலைப் பார்த்தேன்.
மற்றக் கப்பல்களுக்கெல்லாம் விளக்கு இருந்தது.
நடுவில் ஒரு இடம் மட்டும் கறுப்பு.
அதுதான் நாங்கள் என்று வைத்துக்கொண்டேன்.

கப்பலைக் காலியாக விடக்கூடாது என்றது துறைமுகம்.
யாராவது ஒருத்தர் இருந்தாகணும்.
சீட்டுக் குலுக்கினோம்.
பெர்க்மான்ஸ் பெயர் வந்தது.
சீட்டை எழுதி மடித்தவன் நான்.

ஒரு நிமிஷம் இந்த பல்பைக் கழற்றலாமா பாய்,
எனக்குத் தெரிந்த இந்தியில் கேட்டேன்.
மொஃபிஸ் தோள்துண்டைச் சுற்றிக் கழற்றினார்.
நான் இங்கேதான் இருக்கேன்னு
அவனுக்குத் தெரியட்டும் என்று நினைத்திருந்தேன்.
ஏழு எண்ணுவதற்குள் உறைத்தது.
மாட்டுங்க, மாட்டுங்க பாய், சீக்கிரம்.

நங்கூரம் அறுந்துபோச்சுன்னு நினைச்சிருவான்.