அடியில்லாத அலமாரி

பதினேழு நாள்
ஈரத் தட்டோடு நின்றேன்.
கவிழ்க்க ஓரிடம் இல்லை அந்தச் சமையலறையில்.
மேடையில் வைத்தால் தண்ணீர் வட்டம் போடும்,
ஊருக்குப் புதுசு என்று
அந்த வட்டமே காட்டிக்கொடுக்கும்.
பழைய சட்டையால் துடைத்தேன்.
பிறகு சட்டையைக் காயப்போட இடம் தேடினேன்.

யோயென்சூ என்றால் ஆற்றின் வாய் என்று அர்த்தமாம்.
ஆறு போய்ச் சேருமிடத்தை
நாங்கள் முகம் என்கிறோம், இவர்கள் வாய் என்கிறார்கள்.
ஆனால் பேருந்து நிறுத்தத்தில்
ஒரு வாயும் திறக்கவில்லை.
முதல் நாள் ஒரு பெண்மணிக்குப் பக்கத்தில் போய் நின்றேன்,
நம் வழக்கப்படி, வரிசை என்று நினைத்து.
அவர் ஓரடி நகர்ந்தார்.
இடம் விடுகிறார் என்று நானும் ஓரடி.
இப்படியே நகர்ந்து நகர்ந்து
பேருந்து வந்தபோது இருவரும்
தூரத்துப் பிர்ச் மரத்தடியில்.

சலவை அறைக்குப் பட்டியலில் பெயர் எழுத வேண்டும் என்றார்கள்.
வியாழன் மாலை ஏழு மணி, எழுதினேன்.
வாளி நிறையத் துணியோடு கதவைத் திறந்தால்
முகத்தில் ஆவி.
அது சௌனாவின் பட்டியல்.

பேராசிரியரைப் பேர் சொல்லித்தான் கூப்பிட வேண்டுமாம்.
ரைமோ.
நாக்கு நுனிவரை ரைமோ வரும்,
உதட்டைத் தாண்டும்போது சார் ஆகிவிடும்.
மின்னஞ்சலில் மதிப்பிற்குரிய என்று தொடங்கி
மூன்று பத்தி, இரண்டு மன்னிப்பு, ஒரு வேண்டுகோள்.
பதில் வந்தது:
சரி. ர.
அந்த ஒற்றை எழுத்தை அன்று ராத்திரி
எத்தனை விதமாகப் படித்தேன்!
கோபமான ர. சலித்துப்போன ர.
வெறும் ர என்று தெரிய
ஒரு மாதம் ஆனது.

அங்கே மணி என்ன என்பார் அப்பா.
இரண்டு மணியைக் கழித்துவிடுவேன்,
மிச்ச அரைமணிதான் தொண்டையில் நிற்கும்.
அடுத்த அறை ஷஹ்லோவுக்குச்
சமர்கந்து முழுசாய் இரண்டு மணி தள்ளி.
எனக்கு மட்டும் ஒட்டுத்துணி மாதிரி ஓர் அரை.
சாப்பிட்டாயா என்றால் சாப்பிட்டேன்.
சாதம் என்று சொன்ன நாளெல்லாம்
கறுப்பு ரொட்டி, வெள்ளரிக்காய்.

சதுப்பில் மண் எடுக்கப் போனோம்.
துறையில் கொடுத்த ரப்பர் பூட்ஸ்
என் காலைவிட நான்கு எண் பெரிது.
மூன்றாவது எட்டில்
கால் வந்தது, பூட்ஸ் வரவில்லை.
கொக்கு மாதிரி ஒற்றைக் காலில் நின்றேன்.
கூட வந்த பதினொரு பேரும்
மரியாதையாக வேறு பக்கம் பார்த்தார்கள்.
யாராவது சிரித்திருந்தால்
அழாமல் இருந்திருப்பேன்.

அன்று மாலை சமையலறையில் பிஹ்லா.
மூன்றாவது அறைக்காரி. ஹலோ தவிர ஒரு சொல் தராதவள்.
அவள் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை,
அவள் தட்டையும்.
சேறு காய்ந்த என் ஒற்றைச் சாக்சைப் பார்த்து
என்ன ஆச்சு என்றாள்.
சொன்னேன். நின்றும் காட்டினேன்.
சிரித்தாள் பாருங்கள்,
மூக்கால், மேடையைப் பிடித்துக்கொண்டு.
சிரித்துக்கொண்டே எட்டித்
தொட்டிக்கு மேலிருந்த அலமாரியைத் திறந்தாள்.

அந்தக் கதவை நான் தொட்டதே இல்லை,
அடுத்தவர் சாமான் இருக்கும், நமக்கெதற்கு என்று.
உள்ளே கம்பி வரிசை.
அவள் தட்டு, அவள் கோப்பை, அவள் கரண்டி.
கீழே பலகையே இல்லை.
துளி துளியாய் நேரே தொட்டிக்குள்.

ஷஹ்லோவின் கதவைத் தட்டினேன்.
எனக்கு ஒரு வாரம் முந்தி வந்தவள்.
அவள் தட்டுகள்
ஜன்னல் விளிம்பில், ஹீட்டர் மேல்.
மேசை விளக்கின் கழுத்தில் ஒரு கோப்பை.
கையைப் பிடித்து இழுத்து வந்தேன்.
இருவரும் அண்ணாந்து நின்றோம்.
ஒருமுறைகூடவா திறக்கவில்லை என்றாள் பிஹ்லா.
ஷஹ்லோ உஸ்பெக்கில் ஏதோ சொன்னாள்,
வசவு என்பது மட்டும் புரிந்தது.
என் நெற்றியில் ஒரு சொட்டு விழுந்தது.
துடைக்கவில்லை.